வலது உள்ளங்கையில் என்ன இருந்தது?

கிங்ஸ்பரி தபால் நிலையத்தைக் காலையில் திறந்து, எங்கள் கோவில் சபையை மாலையில் திட்டி, இரண்டையும் ஒரு குறையுமின்றி நடத்திவரும் மாண்புமிகு தலைவர் இராஜேந்திரன் அண்ணை அவர்களே! மந்திரம் சொல்லும் வாயால் மணியான யோசனையும் சொல்லத் தெரிந்த குருக்கள் ஐயா அவர்களே! எங்கள் எல்லோருடைய இரத்தத்தையும் எடுத்த பிறகும் எங்களால் நேசிக்கப்படும் ஒரே மனுசி, இன்றைய விழாவின் நாயகி, டாக்டர் தவமலர் அவர்களே! ஸ்ட்ரெதமிலிருந்து ரயில் மாறி மாறி வந்த ஆன்றோரே! எட்மண்டனிலிருந்து பேருந்தில் ஆடி ஆடி வந்த சான்றோரே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அன்னையரே! வெம்பிளி மைதானத்திலிருந்து கன்னத்தில் இங்கிலாந்துக் கொடியின் சிவப்புச் சிலுவை எழுதியபடியே நேரே இந்த மண்டபத்துக்குள் ஓடிவந்திருக்கும் இளஞ்சிங்கங்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சுலோச்சனாவின் இரு கரம் கூப்பிய வணக்கம்!

என்ன, பின்வரிசையில் ஒரே ஆரவாரம்? ஓம், ஓம், தெரியும். உதைபந்தில் இங்கிலாந்து ஸ்பெயினைப் பெனால்டியில் வென்றாயிற்று. மகிழ்ச்சி! வானொலிப் பெட்டியைக் காதிலிருந்து எடுத்துவிடலாம். இனி இங்கே நான் உதைக்கப் போகிறேன், நீங்கள் பிடியுங்கோ.

நான் யார் என்று புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த மாநகரில் மருத்துவ ஆராய்ச்சி இதழ் ஒன்றிலே உதவி ஆசிரியராக இருக்கிறேன். மருத்துவர்கள் எழுதுவதை மனிதர்கள் வாசிக்கும்படி மாற்றுவது என் தொழில். தவமலரின் கட்டுரை இந்த மாதம் வெளிவந்த இதழ் வேறு, நான் சம்பளம் வாங்கும் இதழ் வேறு. ஆகவே சிபாரிசு என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். சிபாரிசு செய்யக்கூடிய நிலையில் நான் இருந்திருந்தால், என் சொந்தத் தம்பி இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பானா?

அன்பர்களே! இந்த ஆண்டு இந்த நாட்டைக் கலக்கிய கேள்வி எது? தேர்தலா? இல்லை. அரச குடும்பத்து விவாகரத்தா? அதுவும் இல்லை. மாடு! மாட்டிறைச்சி! மாட்டுக்கு வந்த பைத்திய நோய் அதைத் தின்றவருக்கும் வருமா என்ற கேள்வி! ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் அமைச்சர் தன் சின்ன மகளுக்குக் கமராக்களுக்கு முன்னால் பேர்கர் நீட்டி, பயமில்லை, உண்ணுங்கள் என்றார். இந்தப் பங்குனியிலே இன்னோர் அமைச்சர் பாராளுமன்றத்திலே எழுந்து, பயத்துக்குக் காரணம் இருக்கலாம் என்றார். ஐரோப்பா இந்த நாட்டு இறைச்சிக்குக் கதவைச் சாத்தியது. இந்த நாட்டு அமைச்சர்கள் கோபித்துக்கொண்டு பேச மறுத்தார்கள். நேற்றுத்தான் எல்லாரும் கூடி ஏதோ ஒரு வழி கண்டார்களாம்.

நாங்கள் என்ன செய்தோம்? கைகட்டி நின்று சிரித்தோம். "எங்களுக்கென்ன, நாங்கள் மாடு தொடாத ஆக்கள்" என்று கடைத்தெருவில் நெஞ்சை நிமிர்த்தினோம். தயவுசெய்து நெஞ்சைக் கொஞ்சம் தளர்த்துங்கோ. மாடு தொடாத நாங்கள் வாழைப்பழத்தில் வழுக்கிய கதையைத்தான் நான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய புரட்டாதி. இலண்டன் வைத்தியசாலை ஒன்றிலே ஆராய்ச்சி மருத்துவராகத் தவமலர் தற்காலிக வேலையில் இருக்கிறார். அடுத்த கோடையோடு ஒப்பந்தம் முடிகிறது. நல்லதொரு கட்டுரை வந்தால் வேலை நீளும்; வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி என்ன? எங்கள் சனத்துக்கு நீரிழிவு எவ்வளவு? நாட்டை விட்டு வந்து, குளிரில் நின்று, இரவு ஷிப்ட் செய்து, நேரம் கெட்டுச் சாப்பிடும் எங்கள் உடம்புக்குள் எவ்வளவு சீனி ஓடுகிறது? நல்ல கேள்வி. நாலு பேருக்கு நன்மை தரும் கேள்வி.

அறிவித்தல் ஒட்டினார்கள். ஞாயிறு காலை கோவிலுக்கு வாருங்கள், முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் உண்ண வேண்டாம், பூசை முடிந்ததும் கீழ் மண்டபத்தில் இரத்தம் எடுக்கப்படும். எங்கள் சனம் சொல்லைத் தட்டுமா? வந்தது! வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு வந்தது! தேநீர் குடிக்காத காரணத்தால் கணவன் மனைவியோடு பேசாமல் வந்தது! பூசை நடந்தது, மணி ஒலித்தது, தீபம் காட்டப்பட்டது. சனம் வரிசையாகப் படியிறங்கி, கீழே நாற்காலியில் அரை மணி நேரம் காத்திருந்து, கையை நீட்டியது.

இரத்தம் எடுத்தவர் எங்கள் நீலவேணி. மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து இங்கே தாதியாக இருப்பவர், அதோ இருக்கிறார். ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "அங்கிள், எதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்லைப் பிள்ளை, பச்சைத் தண்ணியும் இல்லை."

"சரி, கைய நீட்டுங்க. ஐயோ, விரலெல்லாம் ஒட்டுதே அங்கிள், இந்தாங்க, தொடச்சிக்குங்க."

ஓமா இல்லையா நீலவேணி? தலையாட்டுகிறார், பாருங்கோ.

முடிவு வந்தது. இடி விழுந்ததுபோல் வந்தது. இரத்தம் கொடுத்தவர்களில் பாதிப்பேருக்குச் சீனி கூட! பாதிப்பேர்! தவமலரின் பேராசிரியர் துள்ளினார். எழுது என்றார், உடனே அனுப்பு என்றார், பத்திரிகைக்காரர்கள் பாய்ந்து விழுவார்கள் என்றார். கட்டுரை போயிற்று.

கட்டுரை போனால் அப்படியே அச்சாகிவிடுமா? தாய்மாரே, இதை நீங்கள் நன்றாக விளங்கிக்கொள்வீர்கள். மகளுக்குச் சம்பந்தம் வந்தால் என்ன செய்கிறீர்கள்? மாப்பிள்ளை வீட்டார் சொல்வதை நம்பிவிடுகிறீர்களா? நாலு இடத்தில், பெயர் வெளியில் வராமல் விசாரிக்கிறீர்கள் அல்லவா? இதழ்களும் அதைத்தான் செய்கின்றன. அந்தத் துறையிலே அறிந்த இரண்டு பேரிடம் இரகசியமாகக் கொடுத்து, இந்தக் கட்டுரையை நம்பலாமா என்று கேட்கும். விசாரித்தவர் பெயர் எழுதினவருக்கு ஒருநாளும் தெரியாது. சம்பளமும் இல்லை, சந்தன மாலையும் இல்லை.

முதலாமவர் புகழ்ந்து தள்ளியிருந்தார். இரண்டாமவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை நான் தமிழில் சொல்கிறேன், கேளுங்கோ: "இரத்தம் எடுத்தது காலைப் பூசைக்கு முன்னரா, பின்னரா? பின்னர் எனில், பங்கேற்றோர் வலது உள்ளங்கையில் என்ன பெற்றுக்கொண்டனர்? வேண்டாம் என்று சொன்னவர் எவரும் உண்டா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கோ! உங்களுக்கு விளங்கிவிட்டது. பேராசிரியருக்கு விளங்கவில்லை. உள்ளங்கைக்கும் நீரிழிவுக்கும் என்ன தொடர்பு என்று தலையைச் சொறிந்தாராம். எங்களுக்குத் தெரியாதா? தேனும் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் குழைத்துக் குருக்கள் ஐயா அள்ளி வைக்கும் பஞ்சாமிர்தம்! வேண்டாம் என்று சொன்ன தமிழன் உண்டா? இரண்டாம் முறை வரிசையில் வந்து நின்றவனல்லவா உண்டு!

அந்தக் கேள்வி கிடைத்த அன்று மாலை தவமலர் என் வீட்டுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. தேத்தண்ணியைக் கையிலே வைத்துக்கொண்டு குடிக்கவே இல்லை.

"அக்கா, எல்லாம் பிழைச்சுப் போச்சு. அவையள் பொய் சொல்லேல்லை. பிரசாதத்தை ஆர் சாப்பாடெண்டு நினைக்கிறது? நானும் வாங்கி வாயில போட்டிட்டுத்தானே ஊசிப் பெட்டியைத் திறந்தனான்."

"புரொபெசர் என்ன சொல்லுறார்?"

"எல்லாரும் சாப்பிடாமல்தான் வந்தவை எண்டு ஒரு வரி எழுதி அனுப்பு, விடயம் முடிஞ்சுது எண்டுறார்."

"நீ என்ன செய்யப் போறாய்?"

அவர் கோப்பையை மேசையிலே வைத்தார். பிறகு சொன்னார்: "இல்லாத சீனி வருத்தத்தைப் பாதிச் சனத்துக்குக் குடுத்திட்டு நான் வேலையில இருக்கிறதே? என்னால ஏலாது அக்கா. கட்டுரையைத் திருப்பி எடுக்கப் போறன்."

சபையோரே! அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? எவர் கேட்டிருப்பார்? வேலை நிலைத்திருக்கும், பெயர் பரவியிருக்கும், படம் பத்திரிகையிலே பளபளத்திருக்கும். எழுதவில்லை! அந்தப் பிள்ளை எழுதவில்லை! அமைச்சர்களுக்கு ஆண்டுகள் தேவைப்பட்ட துணிவு எங்கள் தவமலருக்கு ஆறிப்போன ஒரு கோப்பைத் தேநீருக்குள் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை இன்றைக்குத்தான் வெளியில் சொல்கிறேன்.

திருப்பி எடுத்தாயிற்று. இனி என்ன? திரும்பவும் இரத்தம் வேண்டும். பேராசிரியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கோடைக்குள் முடித்தால் பார்ப்போம் என்றார். தவமலர் எங்கள் தலைவரிடம் வந்து, இரத்தம் எடுக்கும் அன்று பஞ்சாமிர்தம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டார். தலைவர் அவர்களே, நீங்கள் சொன்னதை நான் சொல்லலாமா? "ஓம், சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்கிறார். பெருந்தன்மை!

"பிள்ளை, பூசை பார்த்துக் கையேந்தி நிக்கிற சனத்தை வெறுங்கையோட அனுப்புறதே? கோவில் தொடங்கின நாள் துவக்கம் நடக்காத காரியம். ஏலாது!"

"அண்ணை, ஒரே ஒரு நாள்."

"ஒரு நாளும் ஏலாது, அரை நாளும் ஏலாது. சனம் என்னைத்தான் திட்டும்."

அப்போது உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் குருக்கள் ஐயா. "இராஜேந்திரன், ஏன் கத்துறீர்? முதல்ல இரத்தம், பிறகு பூசை. பஞ்சாமிர்தத்தை நான் உள்ளுக்க வைச்சுப் பூட்டிறன். திறப்பு என்ர மடியில. கடைசி ஆள் ஊசி குத்தி முடியுமட்டும் முருகன் பொறுத்திருப்பார். நீர் பொறுப்பீரோ எண்டதுதான் எனக்குச் சந்தேகம்."

எவ்வளவு எளிமை! எவ்வளவு தெளிவு! பல்கலைக்கழகங்களுக்குத் தோன்றாதது ஒரு திறப்புக் கோர்வைக்குத் தோன்றியது. ஆனாலும் பெரிய பயம் ஒன்று மிச்சம் இருந்தது. சனம் வருமா? ஒருமுறை பட்டினி கிடந்து ஏமாந்த சனம், மாசி மாதக் குளிரிலே, விடிந்தும் விடியாத வேளையிலே, மறுபடியும் வெறும் வயிற்றோடு வருமா? தவமலர் வாசலிலே நின்றார். பாதையிலே பனி. பத்து நிமிடம் ஒருவரும் இல்லை. "அக்கா, ஒருத்தரும் வரமாட்டினம் போல" என்று என் காதிலே சொன்னார்.

பிறகு வந்தது ஒரு கார். பின்னால் ஒரு வான். பிறகு ரயிலிலிருந்து இறங்கி, கம்பளித் தொப்பியும் வேட்டியுமாய் ஒரு வரிசை! முதல் தடவை வந்தவர்களும் வந்தார்கள், வராதவர்களும் வந்தார்கள். எட்மண்டன் வந்தது, ஸ்ட்ரெதம் வந்தது! "பிள்ளை பிழையெண்டு சொல்லித் திரும்பக் கேக்குது, வராமல் விடுறதே?" என்று ஒரு தாய் சொல்லிக்கொண்டு போனார். தவமலர் அழுதேவிட்டார். நானும் அழுதேன், ஆனால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் சமாளித்துவிட்டேன்.

இம்முறை முடிவு என்ன? பாதிப்பேர் இல்லை, ஐந்தில் ஒருவர். கைதட்டுகிறீர்கள், பொறுங்கோ. ஐந்தில் ஒருவரும் அதிகம்தான், எங்கள் வெள்ளைக்கார அயலவர்களை விட மிக அதிகம். எங்கள் தலைவரையே கேளுங்கோ. முதல் தடவை அவருக்குச் சீனி கூட என்று வந்தபோது, "அது என்ர சீனி இல்லை, முருகன்ட சீனி" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இரண்டாம் முறை பஞ்சாமிர்தம் பூட்டுக்குள் இருந்தது, சீனி அப்படியே இருந்தது! இன்று காலையும் மாலையும் பூங்காவைச் சுற்றி நடக்கிறார், மருந்து எடுக்கிறார், இளைத்து அழகாகவும் இருக்கிறார். பிழையான கணக்கு அவருக்குத் தப்பிக்கச் சாட்டு ஆயிற்று. சரியான கணக்கு அவருக்கு வாழ்வு ஆயிற்று. இதற்குத்தானே ஆராய்ச்சி? இதற்குத்தானே அச்சு?

தவமலரின் வேலை மூன்று ஆண்டுக்கு நீண்டுவிட்டது. கட்டுரையின் கடைசியிலே எங்கள் சனத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறார், குருக்கள் ஐயாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு வரி: உள்ளங்கையைப் பற்றிக் கேட்ட, பெயர் அறியாத அந்த மதிப்பாய்வாளருக்கும் நன்றி.

யார் அவர்? எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன், அது எங்கள் தொழில் தர்மம். ஆனால் யோசித்துப் பாருங்கோ. அந்தக் கேள்வியை யாரால் கேட்க முடியும்? பூசை முடிந்ததும் கையை நீட்டிப் பழகிய ஒருவரால்தான் முடியும். எங்களில் ஒருவர், எங்களுக்காக எங்களையே சந்தேகப்பட்டார். அதைவிடப் பெரிய அன்பு எனக்குத் தெரியவில்லை. அவர் இன்று இந்த மண்டபத்திலேகூட இருக்கலாம். இருந்தும் மேடைக்கு வரமாட்டார், மாலை கேட்கமாட்டார், மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கமாட்டார்.

ஆகவே அந்த ஒருவருக்காக நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவோம். எழும்புங்கோ! எங்கள் ஆட்களின் பழக்கம் எனக்குத் தெரியும். தனக்குத் தானே கைதட்ட யாருக்கும் கூச்சமாக இருக்கும். ஆகவே ஐயா, அல்லது அம்மா, நீங்கள் யாராக இருந்தாலும் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்களும் தட்டுங்கோ, பலமாகத் தட்டுங்கோ. தட்டாமல் நின்றால் பிடிபட்டுவிடுவீர்கள்!

ஆகா! ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் தட்டுகிறீர்கள். இரகசியம் காப்பாற்றப்பட்டுவிட்டது. பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி, திறப்பை மடியிலே வைத்திருந்த குருக்கள் ஐயாவுக்கு நன்றி, திருப்பி எடுக்கத் துணிந்த தவமலருக்கு என் நெஞ்சு நிறைந்த வாழ்த்து. வெளியே வடையும் தேநீரும் தயார். பஞ்சாமிர்தமும் உண்டு, இன்று யாரும் இரத்தம் எடுக்கமாட்டார்கள். வணக்கம்!