ஏழு படி

ஒரு சின்னச் சம்பவம் சொல்றேன், கேளுங்க. இது எங்கேயோ நடந்தது இல்லை... நான் இமாமா இருந்த பள்ளிவாசல்ல, என் கண்ணு முன்னாடி நடந்தது. தப்புப் பண்ணினவங்கள்ல நானும் ஒருத்தன். அதையும் இப்பவே சொல்லிடுறேன்.

கடற்கரை ஓரத்துல ஒரு சின்ன ஊரு. அங்கே பீர் மசூதுன்னு ஒருத்தர். செல்போன் ரிப்பேர் கடை வச்சிருந்தார். சின்ன வயசுல போலியோ வந்து ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. கையால சுத்துற மூணு சக்கர வண்டிதான் அவருக்குக் கால். பழைய பள்ளிவாசல் தெரு மட்டத்துக்கே இருந்தது. வண்டியில வாசல் வரைக்கும் வருவார், இறங்குவார், கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து போய் முதல் வரிசை சஃப்புல உட்கார்ந்துடுவார். விடியக்காலை சுபுஹுக்கு நான் கதவைத் திறக்கும்போது அந்த வண்டி அங்கே நிக்கும். ரெண்டு காலும் நல்லா இருந்த மத்தவங்க எல்லாம் அப்போ எங்கே? போர்வைக்குள்ளே!

பள்ளியை இடிச்சுப் புதுசா கட்டினோம். மழைத் தண்ணி உள்ளே வருதுன்னு தரையை உசத்தினோம். ஏசி, கிரானைட், ரெண்டு மாடி... வாசல்ல ஏழு படி. பார்த்தவங்க எல்லாம் மாஷா அல்லாஹ் மாஷா அல்லாஹ்ன்னாங்க.

முதல் ஜும்ஆவுக்கு மசூது பாய் வந்தார். படிக்குக் கீழே வண்டியை நிறுத்திட்டு அண்ணாந்து பார்த்தார். ரெண்டு பேர் ஓடி வந்து தூக்கிட்டுப் போனாங்க. மறுநாளும் தூக்கினாங்க. பத்து நாள் ஆச்சு... தூக்குறவங்க முகம் மாறிப் போச்சு. ஒருத்தர் அவர் காதுல விழுற மாதிரியே சொன்னார்: "தினம் அஞ்சு வக்துத் தொழுகைக்கும் தூக்கணும்னா எப்படிங்க? எனக்கு இடுப்பு வலி இருக்கு."

அன்னிக்கு மசூது பாய் என்கிட்ட வந்தார். "ஹஜ்ரத், ஓரமா ஒரு சரிவு போட்டுத் தரச் சொல்லுங்களேன். என் வண்டி ஏறுற அளவு போதும்."

கமிட்டியில பேசினேன். தலைவர் லத்தீஃப் ஹாஜியார் நல்ல மனுஷர்தான். ஆனா என்ன சொன்னார் தெரியுமா? "முகப்பு அழகே கெட்டுப் போயிடும் ஹஜ்ரத். முடியாதவங்க வீட்டுல தொழலாம்னு மார்க்கமே சலுகை குடுத்திருக்கே... நீங்களே அவருக்கு எடுத்துச் சொல்லுங்க."

நான் என்ன செஞ்சிருக்கணும்? "ஹாஜியாரே, முகப்பு யாருக்கு?"ன்னு கேட்டிருக்கணுமா, இல்லையா? கேட்கலை. அவங்க கொடுத்த வேலையில இருக்கேன்னு வாயை மூடிக்கிட்டேன். போய் மசூது பாய்கிட்ட அதையே ஒப்பிச்சேன். "உங்களுக்குச் சலுகை இருக்கு பாய்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்... "நான் சலுகை கேட்கலை ஹஜ்ரத். வழி கேட்டேன்."

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் கீழே, செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்துல துண்டை விரிச்சுத் தொழுதார். மழைக்காலம் வந்தது. வர்றது நின்னு போச்சு. எங்கே காணோம்னு ஒருத்தராவது கேட்டோமா? நானும் நாளைக்குப் போய்ப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம்னு... நாலு மாசம் போச்சு.

ஒரு நாள் மத்தியானம் லுஹருக்கு அப்புறம் செய்தி வந்தது. மசூது பாய் மவுத்தாயிட்டார். மாரடைப்பு. இன்னாலில்லாஹி...

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு ஜனாஸா வந்தது. ஊரே திரண்டு நிக்குது. சந்தூக்குப் பெட்டியைத் தோள்ல வாங்க நான் முந்தி, நீ முந்தின்னு தள்ளுமுள்ளு. அந்த ஏழு படியிலயும் அவரை ஏத்திட்டாங்க. இடுப்பு வலின்னு சொன்னாரே, அவரும் தோள் கொடுத்தார். நான் தொழ வைக்க முன்னாடி நிக்கிறேன்... தக்பீர் கட்டக் கை தூக்கறேன்... அல்லாஹு அக்பர்னு சொல்ல எனக்குக் குரல் வரலைங்க!

மூணாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஜொஹரா இத்தாவுல, புருஷன் போனதுக்கு அப்புறம் வீட்டோட இருக்கிற காலத்துல, இருக்காங்க. திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினாங்க.

"பாங்கு சொன்னா வண்டியை வாசலுக்குத் தள்ளிட்டு வருவார் ஹஜ்ரத். கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பார். 'இப்போ இகாமத் சொல்லித் தொழுகை ஆரம்பிச்சிருப்பாங்க... இப்போ ஹஜ்ரத் குனிஞ்சு ருகூவுக்குப் போயிருப்பார்'னு சொல்லுவார். அப்புறம்தான் உள்ளே வந்து தனியா தொழுவார்."

நான் அழுதுட்டேன். "என்னை மன்னிச்சிடச் சொல்லுங்கம்மா"ன்னு உளறினேன். மவுத்தானவர்கிட்ட எப்படிச் சொல்லச் சொல்றது?

அந்தம்மா சொன்னாங்க: "அவருக்கு யார் மேலயும் வருத்தம் இல்லை. 'ஹஜ்ரத் பாவம், என்ன செய்வார்'னுதான் சொல்லுவார். ஆனா எனக்கு வருத்தம் இருக்கு ஹஜ்ரத். மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரலை."

அந்த மாசமே ஹாஜியாரே முன்னாடி நின்னு சரிவு போட்டார். போட்டு முடிச்சுட்டு, அதுமேலயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். யாருக்குப் போட்டோம்?

அருமைச் சகோதரர்களே, தாய்மார்களே... இந்த ஊர்ல புதுப் பள்ளிக்கு அஸ்திவாரம் போடுறீங்க. எத்தனை பேர் தொழலாம், மினாரா எத்தனை அடின்னு எல்லாம் பேசுறீங்க. பேசுங்க. கூடவே இன்னொண்ணையும் கேளுங்க: யார் உள்ளே வர முடியாது? கால் இல்லாதவரா, கண் தெரியாதவரா, தொழ இடமே இல்லாம வாசலோட திரும்பிப் போற பொம்பளைங்களா? அவங்க வீட்டுக்குப் போய், அவங்ககிட்டயே கேளுங்க. செத்ததுக்கு அப்புறம் தோள் கொடுக்க இந்த உம்மத்துல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. உயிரோட இருக்கும்போது கொடுக்கிறதுக்குப் பேர்தான் ஈமான்.

போன வருஷமும் அந்தம்மாவைப் பார்க்கப் போனேன். சலாம் சொன்னாங்க, டீ கொடுத்தாங்க. நான் கேட்கப் போன மன்னிப்பைக் கேட்டேன். காலி டீ கிளாஸை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டாங்க.

எனக்காக துஆ செய்யுங்க.