நாற்பத்தோராவது சர்க்குலர்

– கையெழுத்துப் போடறதுன்னா போடுங்க, இல்லீன்னா மாட்டேன்னு சொல்லிப்போடுங்க. சர்க்குலர் நோட்டை மூணு நாளா ஊட்டுக்குள்ள வெச்சுக்கறதுக்கு ரூல்ஸ்ல இடமில்லீங்க, ஆயம்மா.

– மொதல்ல உள்ள வந்து உக்காருங்க, நாச்சிமுத்தண்ணா. செகரட்டரி வாசப்படியில நின்னு பேசுனா கீழ வாட்ச்மேன் நிக்கற கேட்டு வரைக்கும் கேக்குது.

– கேக்கட்டுமுங்க. ஒளிச்சுப் பேச என்ன இருக்குது? வெசாழக்கெழமை காலையில நோட்டு ஒண்ணாம் நம்பர்ல கெளம்புச்சு. மத்தியானத்துக்குள்ள ஒம்பது ஊட்டுக்காரங்க ‘பார்த்தேன்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. பத்தாம் நம்பர் நீங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. உங்களுக்குப் பின்னால பதினாலு ஊடு காத்துட்டு நிக்குது.

– டீ போடட்டுங்களா?

– வேண்டாமுங்க.

– எந்தத் தண்ணியில போடறேன்னு கேக்கலாமுங்க. தப்பா நெனச்சுக்க மாட்டேன்.

– அப்ப படிச்சுட்டீங்க.

– படிக்காம இருப்பனுங்களா? உங்க எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குது. சொல்லட்டுங்களா? ‘சர்க்குலர் எண் 41. தேதி 16-6-94. பொருள்: ஆழ்துளைக் கிணற்று நீர். கோவையில் பரிசோதித்ததில் குளத்துச் சாயக் கழிவு இந்நீரில் கலந்திருப்பது தெரிய வந்துள்ளது. உரிமையாளர்கள் இதைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு அறவே கூடாது. இப்படிக்கு, செயலாளர், லேக் வியூ அபார்ட்மெண்ட் உரிமையாளர் சங்கம்.’ மனப்பாடமே ஆயிருச்சு.

– படிச்சாச்சு, புரிஞ்சாச்சு. அப்பறம் ‘பார்த்தேன்’னு எழுதறதுக்கு என்னுங்க கஷ்டம்?

– இருவத்திரண்டு வருசம் பனியன் கம்பெனியில செக்கிங்ல நின்னவ நானு. ஒரு பீஸ்ல ஓட்டைன்னா அது மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டறதுதான் என் வேலை. ஒட்டற வரைக்கும் அது பனியனுங்க. ஒட்டிட்டா ரிஜெக்ட். உங்க நோட்டு அந்த ஸ்டிக்கர் மாதிரிங்கண்ணா.

– ஓட்டை ஸ்டிக்கர்ல இல்லீங்க, பீஸ்லதான் இருக்குது.

– எனக்குத் தெரியாதுங்களா அது? தாராபுரத்துலிருந்து வந்து ஊடு பாத்துட்டுப் போனாரே, ரிட்டயர்டு வாத்தியார், அவரு இன்னைக்குப் பொழுதோட மறுக்கா வர்றாருங்க. புதங்கெழமை பத்திரம். போன தடவையே கேட்டாரு, ‘இந்த பில்டிங்ல எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சிருக்கறாங்களாமே, செகரட்டரிகிட்டச் சொல்லி ஒருக்கா காட்டுங்க’ன்னு.

– காட்டலாமுங்க. ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லை.

– அதுக்குத்தான் பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கறேன். அவரு கேட்டா நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நோட்டு என் கையில இல்லீங்கன்னு சொல்லலாம். அது பொய்யில்லீங்களே.

– அம்முணி, நீங்க என்னைய எங்கீங்க கொண்டுபோய் நிறுத்தறீங்க?

– மூணு நாளைக்குத்தானுங்க. அனுப்பர்பாளையத்துல ஒரு தகர செட் வாடகைக்குப் பேசி வெச்சிருக்கறேன். நாலு பவர் டேபிள் தையல் மிசின் போடறேன். நாலு புள்ளைங்க வேலைக்கு வர்றமுன்னு சொல்லியாச்சு. கம்பெனி வேலையை விட்டு நின்னுட்டேன், திருப்பி எடுக்க மாட்டாங்க. ஊடு போனாத்தானுங்க மிசின் வரும். இருவத்திரண்டு வருசம் நின்னே வேலை பாத்த காலுங்கண்ணா. உக்காந்து பாக்கோணும்னு ஆசையா இருக்குது.

– அது எனக்குப் புரியுதுங்க. ஆனா ஒருத்தர் நோட்டை நிறுத்திட்டா அடுத்த ஊட்டுக்கு எப்படிங்க போகும்? நம்பர் வரிசைப்படி போகோணும். இருவத்தி நாலு கையெழுத்தும் விழுந்தாத்தான் நான் போர் மோட்டாரை நிறுத்த முடியும். அதுதான் முறை.

– அந்த முறையை வெச்சது ஆருங்க?

– நான்தான் வெச்சேன். ஏன் வெச்சேன்னு உங்களுக்கும் தெரியும். மூணு வருசத்துக்கு முந்தி தொட்டி கழுவறதுக்கு ஒரு நாள் தண்ணியை நிறுத்துனேன். நோட்டீஸ் போர்டுல ஒட்டித்தான் நிறுத்துனேன். நாலாம் நம்பர்க்காரரு தலையில சோப்புப் போட்டு நின்னுட்டாரு. அதே சோப்போட, துண்டோட என் ஊட்டுக்கு முன்னால வந்து நின்னு, ‘எனக்கு ஆரு சொன்னாங்க? அத்தாட்சி காட்டு’ன்னாரு. மீட்டிங்ல அத்தனை பேரும் சிரிச்சாங்க. நான் ஒரு வாரம் மொட்டை மாடி ஏறி, அந்தப் பக்கத்துப் படிக்கட்டு வழியா எறங்கிப் போனனுங்க. அப்பறம்தான் இந்த நோட்டு.

– சோப்பு வேற, இது வேறங்கண்ணா.

– அதைத்தான் நானும் சொல்றேன். பதினொண்ணாம் நம்பர் ராசப்பன் ஊட்டுல அவரு மவ பிரசவத்துக்கு வந்திருக்கறா. இருவது நாள் கொழந்தை. சுவத்துக்கு அந்தப் பக்கம் அழுகறது இங்க கேக்குது. உங்களுக்கு எப்படிங்க நோட்டைப் பூட்டி வெச்சுட்டுச் சோறு எறங்குது?

– நீங்க கதவைத் தட்டி வாயில சொல்லலாமில்லீங்க?

– அது முறையில்லீங்க. பதினொண்ணுக்கு வாயில சொல்லிட்டு ஒம்பதுக்கு எழுத்துல சொன்னா, நாளைக்கு ஒம்பதாம் நம்பர் கேப்பாரு. வாயில சொன்னதுக்கு அத்தாட்சி என்னுங்க இருக்குது?

– செரி, பதினாலாம் நம்பர் உங்க ஊடு. உங்க சம்சாரம் மாரக்காகிட்டயாவது சொன்னீங்களா?

– ஊடு அவ பேர்ல இருக்குதுங்க. ஓனர் அவதான். நோட்டு வந்தா படிச்சுக்குவா.

– மூணு நாளா நீங்க என்ன தண்ணி குடிக்கறீங்க?

– நான் கம்பெனியில குடிச்சுட்டு வந்தர்றேன்.

– இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்கண்ணா.

– இன்னைக்குக் காலையிலிருந்து தாகமில்லீங்க.

– அம்மா, லாரி வந்துருச்சும்மா. குடத்த எடுத்துத் தாங்க. அய்யாவும் இங்கனதான் இருக்கீகளா? வணக்கம்யா.

– வா மூக்கையா. வாட்ச்மேன் மேல வந்துட்டா கேட்டை ஆரு பாக்கறது?

– பூட்டிட்டுத்தான்யா வந்தேன். தண்ணிய ஏத்திக் குடுத்துட்டு ஓடிருவேன். பதினொண்ணுக்கு மூணு கொடம், பன்னெண்டுக்கு ரெண்டு, பதினேழுக்கு ரெண்டு, அய்யா வீட்டுக்கு ஒண்ணு.

– எந்த அய்யா ஊட்டுக்கு?

– ஒங்க வீட்டுக்குத்தான்யா. முந்தாநாள்லருந்து எடுக்குறாகளே.

– எதுக்குன்னு சொன்னாங்களா?

– நான் கேக்கலய்யா. தூக்குன்னாக, தூக்குறேன். எல்லா வீட்டுலயும் ஒறவுக்காரவுக வந்துருக்காகளோ என்னமோன்னு நெனச்சுக்கிட்டேன்.

– நோட்டுல ஏதாச்சும் பாத்தயா?

– அய்யா தொறந்து பாக்கப்படாதுன்னு மொத நாளே சொல்லிட்டீகளே. கொண்டாந்து குடுப்பேன், வாங்கிட்டுப் போவேன், அம்புட்டுத்தான்.

– மூக்கையா, பதினொண்ணுக்கு மொதல்ல ஏத்து. பச்சக் கொழந்தை இருக்கற ஊடு. இந்தா என் கொடம், இதைக் கடைசியா ஏத்துனாப் போதும்.

– சரிம்மா. நாலு நடைதான், முடிச்சுட்டு வாரேன்.

– போயிட்டானுங்களா?

– எறங்கிட்டான். ஏனுங்க அம்முணி, என்ன நடக்குது இந்த பில்டிங்ல?

– வெசாழக்கெழமை நோட்டைப் படிச்சேன். படிச்ச கையோட பதினொண்ணாம் நம்பர் கதவைத் தட்டுனேன். அந்தப் புள்ளை பாலாடை கழுவிட்டு இருந்துச்சு. கையிலிருந்து வாங்கி வெச்சுட்டுத்தான் சொன்னேன். அப்பறம் பன்னெண்டு, பதிமூணு. இருவத்தி நாலு வரைக்கும் ஒரு கதவு விடலீங்க. லாரிக்காரனுக்குச் சொல்லிவிட்டதும் நான்தான்.

– மாரக்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.

– கேட்டேன். ‘எங்க ஊட்டுக்காரரு நோட்டு வந்து சேரட்டும்னு உக்காந்திருக்கறாரு, உக்காந்திருக்கட்டும்’னாங்க.

– எனக்கு வெக்கமா இருக்குதுங்க. எழுதுன நான் வாயை மூடிட்டு இருந்தேன். நோட்டைப் பூட்டி வெச்சவங்க போயிக் கதவைத் தட்டியிருக்கறீங்க.

– நான் ஒண்ணும் பெரிய மனுசி இல்லீங்கண்ணா. சொல்லும்போதே எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டேன், புதங்கெழமை வரைக்கும் மூச்சு விட்டராதீங்கன்னு. ஒருத்தரும் மறுக்கலை. அவங்களும் என்னைக்காச்சும் விக்கறவங்கதானுங்களே. குளத்தைப் பாத்த ஊடுன்னு ஆசைப்பட்டு வாங்குனோம். போன வாரம் குளம் ஊதாவா கெடந்துச்சு, இந்த வாரம் மெரூன். எந்த கம்பெனிக்கு என்ன ஆர்டர்னு பால்கனியில நின்னே சொல்லிப்போடலாம்.

– வாத்தியாரு குளத்தைப் பாக்க மாட்டாரா?

– பொழுதோட வரச் சொல்லியிருக்கறேன். அந்நேரத்துக்கு வெயில் தண்ணி மேல விழுகும். என்ன நெறம்னு தெரியாது.

– அவருந்தான் நாளைக்கு இந்தத் தண்ணியைக் குடிக்கோணும்.

– குடிக்கறதுக்குள்ள சொல்லிப்போடலாமுங்க. புதங்கெழமை பத்திரம் ஆயிட்டா பத்தாம் நம்பர் ஓனர் அவரு. வெசாழக்கெழமை நோட்டு அவருகிட்டயே போகட்டும். ஓனருக்குச் சொல்லோணும், அவ்வளவுதானுங்களே உங்க முறை?

– முறைப்படி செரிதான். மனசுக்குச் செரியில்லீங்க.

– எனக்கும்தான். மூணு நாளாத் தூக்கமில்லை. ஆனா நாலு மிசின் கண்ணு முன்னால நிக்குது.

– இத்தனை பேருக்குத் தெரிஞ்சது மூக்கையா காதுக்குப் போகாதா? வாங்கறவங்க மொதல்ல கேட்டுல நிக்கறவனைத்தானுங்க கேப்பாங்க.

– அதையும் பாத்துட்டேன். அவங்கிட்ட மட்டும் சொல்லிராதீங்கன்னு ஊடூடாச் சொல்லி வெச்சிருக்கறேன். போன தடவை வாத்தியாரு அவங்கிட்டத்தான் கேட்டாரு, தண்ணி எப்படிப்பான்னு. ‘ஒரு கொறையும் இல்லைங்கய்யா’ன்னு சொன்னான். அந்த முகத்தைப் பாத்துத்தான் வாத்தியாரு செரின்னாரு. தெரிஞ்சுட்டா அப்படிச் சொல்ல வராதுங்க அவனுக்கு. பொய் சொல்லத் தெரியாத ஆளு.

– அவனுக்கு நாம சொல்லோணும்னு ரூல்ஸ்லயும் இல்லீங்க. சர்க்குலர் ஓனருக்குத்தான்.

– தனியாளா மோட்டார் ரூம்ல கெடக்கறான். டீக்கடையில குடிக்கறான், மெஸ்ல சாப்படறான். புதங்கெழமை நானே கூப்பிட்டுச் சொல்லிப்போடறேன்.

– செரிங்க. வெசாழக்கெழமை காத்தால பத்து மணிக்கு வர்றேன். நோட்டை எடுத்து வெச்சிருங்க. தேதியை மட்டும் மாத்த மாட்டேன்.

– மாத்த வேண்டாமுங்க. நெம்பச் சந்தோசங்கண்ணா. இப்பவாச்சும் டீ குடிப்பீங்களா? லாரித் தண்ணிதான்.

– கொண்டாங்க. நாக்கு வறண்டு போச்சு. எப்படியோ, குடிக்கற அத்தனை வாய்க்கும் சேதி போயிருச்சு. எழுத்துல போகலைன்னாலும் போயிருச்சு. எனக்கு அது போதுமுங்க.

– எல்லா வீட்டுக்கும் ஏத்தியாச்சும்மா. ஒங்க கொடத்த உள்ள வச்சுட்டேன். கீழ ஒரு கொடம் மிச்சம் நிக்கிது, என்ன செய்ய?

– அதை நீ எடுத்துக்க மூக்கையா. நல்ல தண்ணி.

– எனக்கு எதுக்கும்மா? இது ஒரு மாதிரி பிளீச்சிங் வாடை அடிக்கிது. கருத்தம்மா வாயில வைக்க மாட்டா.

– கருத்தம்மாளா? உம் பொண்டாட்டி பிரசவத்துக்குப் போயி ஆண்டிபட்டியில அம்மா ஊட்டுல இல்ல இருக்கறா?

– வந்துட்டாளேம்மா. வெள்ளிக்கெழமையே புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து எறங்கிட்டா. புள்ள பெறந்து மூணு மாசம் ஆச்சு, இனி என்னால தனியா இருக்க முடியாதுன்னுட்டா. வெயிலுக்குப் பயந்து மோட்டார் ரூமை விட்டு வெளிய கொண்டாரல, அதான் நீங்க பாத்துருக்க மாட்டீக.

– மூக்கையா.

– அய்யாகிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். கோவிச்சுக்காதீகய்யா, ரூம்ல ஆள் வச்சதுக்கு.

– மூக்கையா, அதில்லப்பா.

– தண்ணிக்கு ஒரு கொறையுமில்லம்மா எங்களுக்கு. அவளுக்குப் பால் பத்தல, பவுடரு வாங்கிக் கரைச்சுத்தான் குடுக்குறா, அதுக்குக்கூட அலைய வேண்டியதில்ல. போர் மோட்டாரப் போட்டா மொதத் தண்ணி விழுகுறதே எங்க கொழாயிலதான்.