மரத்தின் மறுபக்கம்

சாயங்காலம் ஆறரை மணி. உபெம்பா ஏரிக்கரையில் ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் ஆளுயர நாணல்... குளிர்கிறதென்று சாக்குச் சொல்லாமல் எல்லோரும் நெருங்கியே உட்காருங்கள்.

தனியாக வந்துகொண்டிருந்தவர் பன்ஸா, என் சிநேகிதன் கிலும்பாவின் சித்தப்பா. சட்டைக்குள் ஒரு மரப்பொம்மை. திருடியது.

அவர் மனைவி நும்பி மீன் விற்கப் போன படகு கவிழ்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவள் மட்டும் இல்லை. மறுநாள் காரியம் என்று மச்சான்கள் முடிவு செய்துவிட்டார்கள். மனிதருக்கு மனசு ஒப்பவில்லை. குறி சொல்லும் செயாவிடம் ஓடினார்.

நம் ஊர்க் குறிதான். பெண் தலை வைத்துச் செதுக்கிய மரம். குறிகாரி ஒரு பக்கம் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும், கேட்பவர் மறுபக்கம். ஆவி வந்தால் உரசிக்கொண்டு நகரும். முன்னும் பின்னும் போனால் ஆமாம். சுற்றினால் இல்லை. ஒருவர் மட்டும் பிடித்தால் அது வெறும் விறகு.

அன்று அசையவே இல்லை.

"விட்டுருய்யா. இன்னைக்கி இந்த மரத்துப் பொண்ணு எந்த ஆவியையும் தாங்க மாட்டேங்குறா" என்றாள் செயா.

"தாங்க மாட்டாளாம்! நீதான் தூங்கி வழியுற ஆத்தா" என்று கத்தியவர், அவள் தண்ணீர் குடிக்க எழுந்ததும் மரத்தைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

பாதி வழியில் பொறுக்கவில்லை. துணியை விரித்தார். மரத்தை வைத்து இரண்டு விரலால் பிடித்தார்.

"நும்பி... உசுரோட இருக்கியாடி?"

ஷெக்கே... ஷெக்கே... முன்னும் பின்னும்.

மனிதர் சந்தோஷத்தில் ஓவென்று அழுதுவிட்டார்.

"ரொம்பத் தூரத்துல இருக்கியா?"

மரம் மெல்லச் சுற்றியது. இல்லை.

அப்போதுதான் வாடை வந்தது. சேறு... அழுகிய பாசி. தான் ஒருவர் மட்டுமே பிடித்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இழுத்துப் பார்த்தார். மறுபக்கம் விடவில்லை.

போட்டுவிட்டு ஓடினார். ஆனாலும் வீட்டுக்குப் போய் என்ன சொன்னார் தெரியுமா?

"காரியமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அவ உசுரோட இருக்கா. களி கிண்டி வைங்க!"

மச்சான்கள் பைத்தியம் என்றார்கள். பாவம், அவருக்கு நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

விடிந்ததும் வலையில் நும்பி வந்தாள். அவர் உட்கார்ந்து கேட்ட இடத்துக்கு நேர் கீழே, கரையோரத் தண்ணீரில்.

பன்ஸா அவள் கையைப் பிடித்தார். ஜில்லென்று இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்... சூடு. கிலும்பாவும் தொட்டுப் பார்த்திருக்கிறான்.

குழியில் இறக்கும்வரை அந்தச் சூடு ஆறவில்லை.