எந்தப் படத்தைத் தொட்டாலும்

அக்கா: கையை விடுடா. கீழ வண்டி நிக்குது.

தம்பி: நிக்கட்டும். உள்ள போய் முழுசா ஒரு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள வெளிய வந்துட்டியேக்கா…

அக்கா: வேற என்ன பண்ணச் சொல்ற? அம்மான்னு கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தாங்க. நான்தான்னு தெரிஞ்சதும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

தம்பி: ஸ்ட்ரோக் வந்தவங்கக்கா. ஒரு பக்கம் வேலை செய்யல. அவங்களை அறியாம…

அக்கா: கழுத்து நல்லாத்தான் வேலை செய்யுது. நர்ஸ் தண்ணி குடுத்ததும் திரும்பி வாங்கிக்கிட்டாங்களே. எனக்கு மட்டும்தான் கழுத்து திரும்பல.

தம்பி: உக்காரு. டீ ஆறிடும். இந்தா.

அக்கா: உனக்கென்ன, செல்லப் பிள்ளை. ஒரு நாளைக்கு நாலு போன். எனக்கு பதினாலு மாசத்துல ஒண்ணு கூட இல்ல.

தம்பி: நீயும்தான் கூப்பிடல.

அக்கா: நான் ஏன் கூப்பிடணும்? பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க, என் வீட்டுக்கு வந்து இருன்னு தலைகீழா நின்னு கெஞ்சினேன். "உன் வீட்டுல நான் எத்தனை நாளைக்கு விருந்தாளியா இருக்கறது"ன்னு கேட்டாங்க. பெத்த பொண்ணைப் பார்த்துக் கேக்கற கேள்வியா அது? சரி, நீயா கூப்பிடற வரைக்கும் இனி நான் பேசமாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்.

தம்பி: தெரியும்.

அக்கா: கூப்பிடவே இல்ல பார்த்தியா.

தம்பி: …கூப்பிட்டாங்கக்கா.

அக்கா: யாரை?

தம்பி: உன்னை.

அக்கா: எனக்கு ஆறுதல் சொல்றேன்னு கதை விடாத. டீச்சர்டா நான். வருஷத்துக்கு நாப்பது பசங்ககிட்ட கதை கேக்கறவ.

தம்பி: கதை இல்ல. அம்மா போன்ல நான் ஒரு ஆப் போட்டுக் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா? கண்ணு சரியாத் தெரியல, பேரு தேடி நம்பர் எடுக்க முடியலன்னு.

அக்கா: போனைத் திறந்ததும் முன்னாலயே ரெண்டு படம் பெருசா இருக்கும். விட்ஜெட்டோ என்னமோ சொன்ன.

தம்பி: அதான். ஒண்ணுல நீ, ஒண்ணுல நான். படத்தைத் தொட்டா அதுக்கான திரை திறந்து, அதுவே டயல் பண்ணிடும்.

அக்கா: அதுலதான் உனக்கு நாலு போன் வந்துச்சு.

தம்பி: அதுல பாதி உனக்கு வரவேண்டியது.

அக்கா: என்னது?

தம்பி: உன் படத்தைத் தொட்டாலும் எனக்குத்தான் வந்துச்சுக்கா.

அக்கா: எப்படிடா? ரெண்டு படம், ரெண்டு நம்பர். எப்படி உனக்கே வரும்?

தம்பி: ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீட்டு எழுதி முன்கூட்டியே போன்கிட்ட குடுத்து வைக்கணும். "இதைத் தொட்டா இந்தத் திரையைத் திற, இன்னார் பேரைக் கொண்டு போ"ன்னு. அந்தச் சீட்டுக்கு ஒரு எண் போடணும். நான் ரெண்டுக்கும் சைபர் போட்டுட்டேன்.

அக்கா: போட்டா?

தம்பி: ஒரே திரை, ஒரே எண். ரெண்டும் ஒரே சீட்டுன்னு போன் நினைச்சுக்கும். ரெண்டாவதா எழுதினது முதல்ல எழுதினதை அழிச்சிடும்.

அக்கா: ரெண்டு பசங்களுக்கு ஒரே ரோல் நம்பர் குடுத்த மாதிரி.

தம்பி: ஆமா.

அக்கா: முதல்ல யாரை எழுதின?

தம்பி: உன்னைத்தான். மூத்தவளாச்சேன்னு…

அக்கா: ரொம்ப மரியாதை.

தம்பி: அக்கா…

அக்கா: தொட்டுப் பார்த்துட்டுத்தானே குடுத்திருப்ப? இதைத்தானே பதினஞ்சு வருஷமா வேலையா பண்ற?

தம்பி: என் படத்தைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு வந்துச்சு. உன் படத்தைத் தொட்டா உனக்கு அடிக்கும். நீ அப்ப கோவத்துல இருந்த. அம்மாதான் கூப்பிடறாங்கன்னு நினைச்சு எடுத்து, நான்னு தெரிஞ்சா இன்னும் ஏறுமேன்னு விட்டுட்டேன்.

அக்கா: அடப்பாவி.

நர்ஸ்: சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. உள்ள வரைக்கும் கேக்குது. பன்னெண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிஞ்சிடும், யாராவது உள்ள வரதுன்னா வாங்க.

தம்பி: சாரி சிஸ்டர். இதோ வந்துடறோம்.

அக்கா: அம்மா உன்கிட்ட சொல்லவே இல்லையா? பொண்ணைத் தொட்டா பையன் வரான்னு?

தம்பி: சொன்னாங்க. நான்தான்… "கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அமுக்குங்கம்மா"ன்னு கிண்டல் பண்ணேன். அவங்களும் சிரிச்சாங்க. மறுநாள், "கண்ணாடி போட்டுட்டேன்டா, அப்பவும் நீதான் வர்ற"ன்னாங்க. ஒரு நாள் ஸ்கிரீன்ல அழுக்கா இருக்கும்னு முந்தானையால தொடைச்சுத் தொடைச்சு அமுக்கியிருக்காங்க. "அவ நெத்தியில தொட்டேன், மூக்குல தொட்டேன், எங்க தொட்டாலும் உன் குரல்தான் கேக்குது"ன்னு…

அக்கா: போதும்டா.

தம்பி: இன்னொண்ணும் இருக்கு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் வர மாதிரி வச்சிருந்தேன். "மகளோட பேசியாச்சா?"ன்னு கேக்கும். உங்க ரெண்டு பேரையும் எப்படியாவது சேர்த்து வைக்கலாம்னு. அதைத் தொட்டாலும் அதே சீட்டுதான். ஒவ்வொரு ஞாயிறும் பத்து அடிச்சா எனக்குப் போன். எடுத்தா, "நீயா… சரி வை."

அக்கா: "நீயா… சரி வை."

தம்பி: அவ்வளவுதான் பேசுவாங்க.

அக்கா: இது எப்ப தெரிஞ்சுது உனக்கு?

தம்பி: நேத்து.

அக்கா: என்னைப் பார்த்துச் சொல்லு.

தம்பி: நேத்து ராத்திரிக்கா. இங்க சும்மா உக்காந்திருந்தேன். அம்மா போனை நோண்டிக்கிட்டு…

அக்கா: பூசி மெழுகாத. சின்ன வயசுலயும் பொய் சொன்னா காதைத்தான் சொறிவ. கையை இறக்கு. எப்ப?

தம்பி: எட்டு மாசம் முன்னால.

அக்கா: எட்டு மாசமா?

தம்பி: கத்தாத, உள்ள கேக்கும்.

அக்கா: எட்டு மாசமா தெரிஞ்சு வச்சுக்கிட்டு சரி பண்ணாம இருந்தியா? எவ்வளவு நேரம் ஆகும் அதுக்கு?

தம்பி: ஒரு எண்ணை மாத்தணும். சைபருக்குப் பதிலா ஒண்ணு.

அக்கா: அதுக்கு உனக்கு எட்டு மாசம்.

தம்பி: சரி பண்ண முடியாத இடத்துல மாட்டிக்கிட்டேன்க்கா. அதுக்கு முன்னாலயே அம்மா ஒண்ணு கேட்டாங்க. "அவளுக்குப் போட்டா உனக்கே வருதே, அவதான் என் போனை உன் பக்கம் திருப்பி விட்டுட்டாளா?"ன்னு.

அக்கா: நீ என்ன சொன்ன?

தம்பி: அப்ப எனக்குக் காரணம் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆபீஸ்ல ஆயிரம் வேலை, அவங்க ஒரே கேள்வியை மறுபடி மறுபடி…

அக்கா: என்னடா சொன்ன?

தம்பி: "இருக்கலாம்"னு சொன்னேன். அடுத்த வாரமே தப்பு என்னோடதுன்னு கண்டுபிடிச்சேன். சரி பண்ணா என்ன ஆகும்? உனக்குப் போன் வரும். "ஏன்டி திருப்பி விட்ட"ன்னு அவங்க கேப்பாங்க. "நான் எங்க திருப்பினேன்"னு நீ கேப்ப. அப்புறம் ரெண்டு பேரும் என் பக்கம் திரும்புவீங்க. இன்னைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னு…

அக்கா: அம்மாதான் வேற யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே, நம்பர் போட்டுக் குடுன்னு.

தம்பி: கேட்டாங்க. என்கிட்டயேதான். "திருப்பி விட்டவகிட்ட வலியப் போய்ப் பேசணுமாம்மா"ன்னு கேட்டேன். அப்புறம் அவங்க கேக்கவே இல்ல.

அக்கா: மாசாமாசம் உன்கிட்ட கேப்பேனே. "அம்மா என்னைப் பத்திக் கேட்டாங்களா"ன்னு. நீ "நல்லாயிருக்காங்க, மாத்திரை போட்டாங்க"ன்னு மட்டும் சொல்லுவ.

தம்பி: ஆமா.

அக்கா: அதுக்குத்தான் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்களா… நான் அவங்களை வேண்டாம்னு தள்ளிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்களா உள்ள?

தம்பி: அப்படித்தான் இருக்கும்.

அக்கா: கேக்கவும் முடியாது. திட்டவும் முடியாது. பேச்சே இல்ல அவங்களுக்கு.

தம்பி: காது கேக்கும். நாம சொல்றது புரியும். இடது கையில போனைத் தொடவும் முடியும். நேத்துக் கூட தொட்டாங்க. உன் படத்தைத்தான். இங்க வெளிய என் பையில அடிச்சுது. எடுத்தேன், மூச்சு மட்டும் கேட்டுச்சு. அதுக்கு மேல என்னால முடியலக்கா. காலையில இதே பெஞ்சுல உக்காந்து சரி பண்ணி, அவங்க போன்ல ஏத்திட்டேன்.

அக்கா: நல்ல நேரம் பார்த்த.

தம்பி: அடிக்கணும்னா அடி. நாலு பேர் பார்த்தாலும் பரவாயில்ல. ஆனா முதல்ல இதைச் செய். சிஸ்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், அம்மா கையில போனைக் குடுப்பாங்க. உன் படத்தைத் தொடுவாங்க. உன் போன் அடிக்கும். அடிக்கிற போனோட அப்படியே உள்ள போ, அவங்க கண்ணு முன்னால காட்டு. நீ திருப்பி விடலன்னு அவங்களுக்கே தெரிஞ்சுடும். நான் பின்னாலயே வந்து கால்ல விழறேன்.

அக்கா: வேணாம்டா.

தம்பி: ஏன்?

அக்கா: போனெல்லாம் எதுக்கு. நேரா போய் நீயே உன் வாயால சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்.

தம்பி: என் வாயை இனிமே அவங்க நம்புவாங்களா? எட்டு மாசம் பொய் சொன்ன வாய். கண்ணால பார்த்தாத்தான் நம்புவாங்க.

அக்கா: என் போன்ல சார்ஜ் இல்ல.

தம்பி: இப்பதானே எடுத்து மணி பார்த்த?

அக்கா: சிக்னல் சரியில்ல இங்க…

தம்பி: நாலு கோடு நிக்குது, இங்கிருந்தே தெரியுது. என்னக்கா, பயமா இருக்கா? எனக்கும்தான். சிஸ்டர்! அம்மாகிட்ட போனைக் குடுங்க சிஸ்டர்!

அக்கா: டேய், இரு, கொஞ்சம் பொறு…

தம்பி: கதவுக் கண்ணாடி வழியாப் பாரு. இந்தப் பக்கம் திரும்பிட்டாங்க பாரு! உன்னைத்தான் பார்க்கறாங்க.

அக்கா: பார்க்கறேன்.

தம்பி: தொடறாங்க… தொட்டுட்டாங்க. என் போன் அடிக்கல பாரு. சரியாயிடுச்சு! இப்ப உன்னோடது அடிக்கும்.

அக்கா: அடிக்கல.

தம்பி: கொஞ்சம் லேட்டாகும். முதல் தடவை அப்படித்தான்.

நர்ஸ்: சார், அம்மா மூணு தடவை அமுக்கிட்டாங்க. பிஸி, பிஸின்னே வருது.

தம்பி: பிஸியா? அதெப்படி சிஸ்டர்? போன் அக்கா கையில சும்மாதானே இருக்கு?

நர்ஸ்: நீங்க குடுத்த நம்பர்தானான்னு நானும் பார்த்தேன். சரியாத்தான் இருக்கு. பாவம் அவங்க, இவங்க கையில இருக்கற போனையே பார்த்துக்கிட்டு மறுபடியும் அமுக்கறாங்க. மெதுவாத் தொட்டதும் பத்தாதோன்னு அழுத்தி அழுத்தி அமுக்கறாங்க.

தம்பி: நான் மாத்தினது தப்பா இருக்குமோ… இல்லியே, உன் நம்பருக்குத்தானே போகுது. அக்கா, உன் போனைக் குடு, நான் பார்க்கறேன். குடுக்கா. ஏன் பின்னால ஒளிக்கற? அம்மா பார்த்துக்கிட்டு இருக்காங்க. பதினாலு மாசம் இந்த ஒரு போனுக்குத்தானே காத்திருந்த?

அக்கா: காத்திருக்கலடா… கூப்பிடவே மாட்டாங்களோன்னு பயமா இருந்துச்சு. சண்டை போட்டுட்டு வந்த அன்னைக்கே, ரயில்ல உக்காந்து, போன் வரலன்னா இதனாலதான்னு நினைச்சுக்கலாம்னு அம்மா நம்பரை ப்ளாக் பண்ணிட்டேன். நீ ரெண்டு சீட்டும் சரியாவே எழுதியிருந்தாலும் எனக்கு மணி அடிச்சிருக்காது.