முழுத் தொகுப்பு

முதலில் இந்த டீ டம்ளரை எடுக்கச் சொல்லுங்கள். டீ குடிக்காதவன் இல்லை நான். ஆனால் விளிம்பில் யாருடைய உதட்டுக் கறையோ காய்ந்து ஒட்டியிருக்கிறது. எச்சில் என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆகாது. "இவன் பொறக்கும்போதே கையில சோப்போட பொறந்தவன்" என்று என் அக்கா கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும்.

ஆற அமரச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் என்னிடம் ஒரு முறை கொடுங்கள், திருத்தித் தருகிறேன். நேற்று என் வாக்குமூலம் என்று இந்த ஸ்டேஷனில் நீங்கள் எழுதியதில் 'ஓவியர்' என்பது இரண்டு இடத்தில் 'ஒவியர்' என்று இருந்தது. முப்பத்தொரு வருடம் குழந்தைகள் புத்தகங்களுக்கு ஆசிரியராக இருந்தவன் கண்ணில் அதுதான் முதலில் படும். நான் பார்த்து அனுப்பிய எந்தப் புத்தகத்திலும் பிழை வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

பெரியவர் என்று நாங்கள் கூப்பிடும் அந்த ஓவியரின் படங்களை நீங்களும் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஊரைச் சுற்றும் பூனை அவருடையதுதான். நாற்பத்து மூன்று புத்தகம், ஆயிரத்துச் சொச்சம் படம். அத்தனையையும் ஒரே புத்தகமாகக் கொண்டுவரும் வேலையை ஆறு வருடத்துக்கு முன்னால் பதிப்பாளர் என்னிடம் ஒப்படைத்தார். எலி கடித்த மூலப் படங்களை இடுக்கியால் ஒட்டிச் சேர்த்தேன். தேதி இல்லாத படங்களுக்குக் காகிதத்தின் நிறத்தைப் பார்த்தே தேதி கண்டுபிடித்தேன். ஐம்பத்திரண்டு பக்கத்துக்கு முன்னுரை எழுதினேன். அட்டையில் 'முழுத் தொகுப்பு' என்று போட்டோம். அந்த 'முழு' என்ற சொல்லை வைத்துத்தான் எல்லாமே.

அந்த ஆறு வருடமும் வாரத்துக்கு மூன்று நாள் அவர் வேலை அறையில் உட்கார்ந்திருந்தேன். மாடி அறை. படம் வரைகிற மேசை மேலேயே சாப்பிடுவார், அதன் மேலேயே கால் நகம் வெட்டுவார். தூரிகை கழுவும் டப்பாவும் காபி டம்ளரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எதை எடுத்துக் குடிக்கிறோம் என்று அவர் பார்த்ததே இல்லை. இருமினால் துடைக்கிற துணியிலேயே தூரிகையையும் துடைப்பார். எல்லாவற்றையும் விடக் கொடுமை, தூரிகையின் முனையைக் கூட்டுவதற்கு உதட்டில் வைத்து இழுப்பார். ஒரு கோடு போட, ஒரு முறை சப்ப. மறுபடி ஒரு கோடு, மறுபடி ஒரு சப்பல். ஈரமான ஒரு சத்தம் வரும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

"இப்படி இழுத்தாத்தான்யா முனை ஊசி மாதிரி நிக்கும். தண்ணியில தோய்ச்சா நிக்காது" என்பார். சாயங்காலம் பேத்தி மாடிக்கு வந்தால் நாக்கை நீட்டிக் காட்டுவார். "வாண்டு, தாத்தா இன்னைக்கு என்ன கலர் தின்னேன், சொல்லு பாப்போம்?" அதுவும் தன் நாக்கை நீட்டிக் காட்டும். ஆறு வயது. அவர் மகளின் பிள்ளை. வாண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

போன வருடம் கடைசி மெய்ப்பைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எச்சில் தொட்டுத்தான் புரட்டினார். அப்புறம் அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"உயிரோட இருக்கறவனுக்கு எப்படிய்யா முழுத் தொகுப்பு? நான் இன்னும் முழுசாகலையே."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் போனால், மெய்ப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பூனையை முதலிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறார். நாற்பத்து மூன்று புத்தகத்தையும் திரும்ப வரையப் போகிறாராம். இத்தனை வருடம் கழித்துத்தான் பூனைக்கு முதுகு எங்கே வளையும் என்று புரிந்ததாம். வயது எண்பத்தொன்று. கை நடுங்குகிறது. கோடு கோடாகவே இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

பதிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தப் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "என்னமா இருக்கு பாருங்க. நடுங்கற கோட்டுலதான் பூனைக்கு உயிரே வந்திருக்கு. பெரியவர் ஆசைப்படறார். ஒரு வருஷம் தள்ளிப் போட்டா என்ன, குடியா முழுகிடும்?" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். புதுப் படங்களுக்கு இடம் வேண்டுமே, முன்னுரையை எடுத்துவிடலாமா என்று பெரியவர் கேட்டாராம். குழந்தைகள் அதைப் படிக்கவா போகிறார்கள் என்றாராம். இதை நான் சொல்லாவிட்டாலும் பதிப்பாளர் உங்களிடம் சொல்லுவார், அதனால் சொல்கிறேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

என் கவலை புத்தகத்தைப் பற்றியது. ஒவ்வொரு வாரமும் ஏழெட்டுப் புதுப் படம். அவர் இருக்கும்வரை அது முடியாது. முடியாததை முழு என்று அச்சடிக்க முடியாது. எந்த வழியில் யோசித்தாலும் அங்கேதான் வந்து நின்றது. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவருடைய இளமையைப் பற்றிப் பேட்டி எடுத்தபோது ஒன்று சொல்லியிருந்தார். ஆரம்பத்தில் ஒரு கிளிப்பச்சை பயன்படுத்துவாராம். "அந்தப் பச்சைக்கு ஈடா ஒண்ணு இன்னைக்கு வரைக்கும் கெடைக்கலை. நான் பிரஷ்ஷை வாயில வைக்கறதைப் பாத்துட்டு டாக்டர்தான் நிறுத்தச் சொன்னார். சும்மா பூசினா ஒண்ணும் செய்யாது, உள்ள போனா கொஞ்சம் கொஞ்சமா ஆளைத் தின்னுடும்னார்." பச்சையை விட்டார், வாயில் வைப்பதை விடவில்லை. இது என் முன்னுரையில் பன்னிரண்டாம் பக்க அடிக்குறிப்பில் இருக்கிறது. பெரியவர் படித்ததில்லை. பதிப்பாளரும் படித்ததில்லை. படித்திருந்தால் யாராவது ஒருவருக்காவது ஞாபகம் வந்திருக்கும்.

அறையிலிருந்த சாமான்களுக்கு நான் பட்டியல் எடுத்தபோது பரண் மேல் அந்தப் பச்சையின் பழைய டப்பா கிடைத்தது. எச்சரிக்கைக்கு ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் இருந்ததை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்கு மாற்றி, குழைத்து, அவர் மேசையில் வைத்தேன். புதிதாக ஒரு கடையில் கிடைத்தது என்றேன். மனுஷன் குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கய்யா புடிச்ச இதை? அப்படியே அந்தப் பச்சை." அவர் கை பிசுபிசுவென்று இருந்தது. கீழே போய் இரண்டு தடவை கழுவினேன்.

அதற்கு அப்புறம் நான் எதுவும் செய்யவில்லை. செய்ததெல்லாம் அவர்தான். கிளி வரைந்தார், புல் வரைந்தார், பூனையின் கண்ணுக்குக்கூடப் பச்சை வைத்தார். ஒரு கோடு, ஒரு சப்பல். உதடு, பல், நாக்கு எல்லாம் பச்சை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை. பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். வாந்தி, பேதி. எண்பத்தொரு வயது வயிறு, டாக்டருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் தினமும் போனேன். வாளியை எடுத்துக் கழுவினேன், படுக்கை விரிப்பை மாற்றினேன். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் மகள் வாசலில் நின்று அழுதாள். "அண்ணா, கூடப் பொறந்தவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்க." நான் வாளி நாற்றம் தாங்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அவர் படுத்ததும், இனி புதுப் படம் வராது, பழையபடியே அச்சடிக்கலாம் என்று பதிப்பாளரைச் சம்மதிக்க வைத்தேன். பெரியவர் கண்ணை மூடுவதற்குள் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடலாம் என்றேன். அவரும் சரி என்றார். வாழ்க்கைக் குறிப்புப் பக்கம் ஒன்பதாம் தேதி அச்சுக்குப் போனது. அதில் பெரியவர் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருடம், அப்புறம் ஒரு சிறு கோடு, அப்புறம் ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு யாரோ போன மாதிரி இருந்தது அந்தப் பக்கம். மெய்ப்புப் பார்க்கிறவன் கை சும்மா இருக்காது. வருடத்தைப் போட்டு முடித்தேன்.

பெரியவர் இறந்தது பன்னிரண்டாம் தேதி.

அச்சக ஃபோர்மேன் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். எழுத்தைக் கவனிக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் பத்திரிகையில் செய்தியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "சார், நாம அடிச்ச அன்னைக்கு அவர் உயிரோட இருந்தாரே. எப்படி சார் முன்னாடியே வருஷம் வந்துச்சு?" அச்சுப் பிழை என்றேன். "உங்களுக்கா, பிழையா?" என்று கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார். ஒரு தாளை மடித்து எடுத்துவைத்திருக்கிறார் என்பது நேற்று நீங்கள் அதை என் முன்னால் விரித்தபோதுதான் தெரிந்தது. ஒன்றைக் கவனியுங்கள். வருடத்தைத்தான் போட்டேன், தேதி போடவில்லை. அந்த அளவுக்கு அவசரக்காரன் இல்லை நான்.

வாண்டைப் பற்றிக் கேட்டீர்கள். அது என் திட்டத்தில் இல்லை.

தகனம் முடிந்து நாலைந்து நாள் கழித்து, கடைசிப் படங்களை வாங்கிவரப் போனேன். கூடத்தில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வாண்டு பூனை வரைந்துகொண்டிருந்தாள். தாத்தாவின் வண்ணப் பெட்டி வேண்டும் என்று அழுது அடம்பிடித்தாளாம், அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டாள். வெள்ளைக் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூரிகையை உதட்டில் வைத்து இழுத்தாள். "மாமா, இங்க பாருங்க, தாத்தா மாதிரி" என்று நாக்கை நீட்டினாள்.

கிண்ணத்தை எடுத்துவிடலாம் என்று குனிந்தேன். நீங்கள் இதை நம்ப வேண்டும், குனிந்தேன். ஆனால் அதன் விளிம்பெல்லாம் எச்சில். நூல் நூலாகத் தொங்குகிறது. எடுத்தால் அழுவாள், ஏன் எடுத்தீர்கள் என்று அம்மா கேட்பாள், அதெல்லாம் இரண்டாவது. என்னால் அதைத் தொட முடியவில்லை, அவ்வளவுதான். நிமிர்ந்து, படங்களை வாங்கிக்கொண்டு, சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இருபதாம் தேதி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். டாக்டர் எல்லோரையும் நிற்க வைத்து, குழந்தை என்ன சாப்பிட்டது, எதையாவது வாயில் வைத்ததா என்று கேட்டார். என்ன விஷம் என்று தெரிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது, தெரியாமல் எதைக் கொடுப்பது என்றார். பெரியவர் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீங்கதான் எல்லாத்தையும் உன்னிப்பா கவனிப்பீங்களே, ஏதாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள். அப்போது புத்தகம் பைண்டிங் தையலில் இருந்தது. பாதியில் நிறுத்தினால் தாளெல்லாம் வீணாகும். இன்னும் ஆறு நாள்தான் வேலை. ஒன்றும் பார்க்கவில்லை என்றேன்.

நேற்று நீங்களும் அதையே கேட்டீர்கள். நேற்று சொல்லவில்லை. இன்று காலை பதிப்பாளர் என்னைப் பார்க்க வந்து, கடைசிப் பிரதியும் அட்டை போட்டு முடிந்துவிட்டது என்றார். அதனால் இப்போது சொல்கிறேன். பழைய டப்பா என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது, உள்ளே என்ன என்று அதன் அடியில் அச்சிட்டிருக்கிறது. டாக்டரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். தாமதிக்க வேண்டாம்.

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வருடம் குழந்தைகளுக்காகவே உழைத்தவன் நான், இதுவும் அவர்களுக்காகச் செய்ததுதான். வாண்டு கண் விழித்தால் முதல் பிரதியை அவளிடம் கொடுங்கள். கையைக் கழுவிவிட்டுத் தொடச் சொல்லுங்கள்.