எலும்புக்கு ஒரு ஊசி

ஹலோ... ஹலோ, டோரதியா? நான்தான், மெர்சி அண்ணி... ஆமா, ஆமா, உயிரோடதான் இருக்கேன். ஏன், உனக்கு ஆச்சரியமா இருக்குதா?...

அழாத. மொதல்ல மூக்க சிந்திட்டு வா, ச்சீ, போன்லயே கேக்குது...

நேத்து சபையில இன்னா பண்ண நீ?... ஜெபமா? பாஸ்டர் என் பொண்ணு ஜெனிஃபாவோட கல்யாண அறிவிப்பு ஓலைய வாசிச்சு வாய் மூடல, நீ எழுந்து நின்னு, "எங்க அண்ணிக்கு மாருல வந்த கேன்சர் எலும்புக்குப் பரவிடுச்சு, ஜெபிச்சுக்கோங்க"ன்னு மைக்குல... ஆமாண்டி, மைக்குலதான்! நான் முட்டி வலின்னு வீட்ல படுத்துக்கினு இருக்கேன், நீ அங்க எனக்கு சவப்பெட்டிக்கு அளவு எடுக்கற.

யாரு சொன்னா பரவிடுச்சுன்னு?... எலும்புக்கு ஊசின்னா எலும்புல வந்துடுச்சுன்னு அர்த்தமா?... கேளு. குறுக்க பேசாத, கேளு. ஆபரேஷன் முடிஞ்சிது, கீமோ முடிஞ்சிது, ரேடியேஷன்னு கரண்டு வச்சதும் முடிஞ்சிது. இப்ப தினம் ஒரு மாத்திரை போடறேன்ல, அது எலும்ப தேய வைக்குது. ஸ்கேன்ல பலம் கம்மின்னு வந்துச்சு. அதுக்குத்தான் ஆறு மாசத்துக்கு ஒருக்கா ட்ரிப்ஸ்ல மருந்து ஏத்தணும்ன்றாங்க. எலும்பு உடையாம இருக்க, அந்த நோவு அங்க போயி ஒக்காராம இருக்க. வராம இருக்கத்தான் டோரதி, வந்ததுக்கு இல்ல!...

உம்... உம்... தெரியாதுதான். கேட்டாதான தெரியும்?

காலையில இருந்து, எலும்புக்கு நல்லதுன்னு ஆளாளுக்குக் கொண்டாந்து, வீடு பூரா ஆட்டுக்கால் சூப்பு. பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம் கூட ஒரு தூக்கு பாயா கொண்டாந்து வச்சிட்டு கண்ணத் தொடைச்சிக்கினு போறாங்க. பாவம், அவங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இத்தினி வருஷம் தோல் கம்பெனி நாத்தத்துல நின்னவ நான். அங்க வராத குமட்டல் இப்ப வருது...

இல்ல, சூப்பால இல்ல. உன்னாலதான்.

இன்னா?... திருப்பத்தூர்ல இருந்து பையனோட அம்மா பேசுனாங்களா? உங்கிட்டயா?... தெரியும், அவங்க தங்கச்சி நம்ம சபையிலதான உக்காந்திருந்தா. இன்னா சொன்னாங்க?... கல்யாணம் முடியற வரைக்கும் நான் ஆஸ்பத்திரி பக்கமே போவக் கூடாதா?... சொந்தக்காரங்க பேசுவாங்களா?... த்தூ! நீ அதுக்கு சரின்னு தலையாட்டிட்டு வந்து எனக்கே புத்தி சொல்ற? கேக்கவே அருவருப்பா இருக்குது.

ஊசி போட்டப்புறம் புடுங்கினா தாடை ஆறாதாம், அதான் முன்னாடியே, ஆடிக்கினு இருந்த ரெண்டு பல்ல புடுங்கினாங்க. அந்தப் புண்ணு ஆறட்டும்னு கஞ்சியா குடிச்சிக்கினு காத்துக்கினு இருந்தேன். நாளைக்குத்தான் வேலூர்ல தேதி. இன்னும் தள்ளிப் போடுன்றியா?...

எனக்கு பயமாத்தான் இருக்குது டோரதி. பாத்ரூம்ல வழுக்கினா கூட பயம். நான் கல்யாணத்துல பட்டுப் பொடவ கட்டிக்கினு மொத வரிசையில உக்காரணும்னு கேக்கல. பின்னால ஜெனிஃபா புள்ளயத் தூக்கறப்ப என் கை உடையக் கூடாது. அவ்ளோதான் கேக்கறேன். இதுல உங்களுக்கெல்லாம் இன்னா பேஜாரு?...

இன்னாது?... திரும்ப சொல்லு.

நாளைக்கு தேதி இல்லியா?... யாரு சொன்னா உனக்கு?... உங்கண்ணனா?... ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி, இப்ப வேணாம், கல்யாணம் முடிஞ்சதும் வர்றோம்னு... அவரா சொன்னாரு? எப்ப?... வெள்ளிக்கெழமயா? நீ சபையில எழுந்து நிக்கறதுக்கு முன்னாடியேவா?... அப்ப பையன் வீட்லகூட இன்னும் ஒண்ணும் கேக்கலியே டோரதி...

இல்ல. நான் கத்தல.

கீமோ அப்ப என் வாந்திய கையில ஏந்துனவரு. மொகம் சுளிக்கல. அவரா?...

உம்... உம்... இங்கதான் நிக்கிறாரு. தலையக் குனிஞ்சிக்கினு நிக்கிறாரு... வேணாம், நீ அவருக்கு வக்காலத்து வாங்காத. போன வை... வைன்னு சொன்னேன்ல...

ஜெனிஃபா! என் ஆஸ்பத்திரி பையை எடு. வேலூர் பஸ்ஸப் புடிச்சு இப்பவே போயி, தேதியத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கலாம்... நீயும் வர்றியா? வா.

நீங்க தள்ளுங்க. வாசல்ல நிக்காதீங்க.