ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம்

...வேணாம் லூயிசாக்கா, அந்தப் பொட்டிய இன்னும் ஏத்த வேணாம். ஜட்காக்காரரே, குதிரைக்குப் புல்லப் போடுங்க. எழும்பூர் போற வரைக்கும் ஒண்ணுமில்ல. ரயில் ஏறி, ஜங்ஷன்ல எறங்கி, அதுக்கப்புறம் புள்ளத்தாச்சிப் பொண்ண வச்சிக்கிட்டு நீங்க திண்டாடப் போறீங்க. அதுக்குக் காரணம் நான், இந்த மரியதங்கம். அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன்.

சொல்றேன், சொல்றேன். மூச்சு வாங்குது.

நான் கூறு கெட்டவ அக்கா. ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு மெட்ராஸே மூட்ட கட்டிக்கிட்டு வெளிய ஓடுது. அந்த நேரம் பாத்து, சட்டி பானையோட உள்ள வந்த ஒரே குடும்பம் எங்க குடும்பம். எழும்பூர்ல எதுத்தாப்ல வந்த சனம் தள்ளுன தள்ளுல, வந்த வண்டிக்குள்ளயே திரும்பப் போயிருப்போம். இங்க சாந்தோம்ல பாதி வீட்டுல பூட்டு. அடடே, வாடகை சல்லிசா இருக்கேன்னு சந்தோசப்பட்டேன் பாருங்க. என்னைய மூணாங்கிளாஸோட நிறுத்துனது எங்கப்பா தப்பில்ல. இன்னும் படிச்சிருந்தாலும் இதான் கதி.

ஆனி, நிக்காத தாயி, அந்த மூட்ட மேல உக்காரு. ஏழு மாசத்துல நிக்கக் கூடாது...

ஆமா, ரயிலு. எங்க கோணப்பாறை ரயிலப் பத்தி அன்னிக்குப் பீத்திக்கிட்டேன்ல? அது ஜில்லா போர்டு போட்ட ரயிலு. நிலத் தீர்வையோட சேத்து அதுக்குன்னு தனியா வசூல் பண்ணாங்க. எங்க மாமனாரு அழுதுக்கிட்டே கட்டினாராம். அதனாலயோ என்னமோ, அது நம்ம வீட்டு வண்டின்னு ஊருக்கே ஒரு நெனப்பு. காலைல ஜங்ஷனுக்குப் போகும், பொழுது சாயத் திரும்பும். கடலை மூட்ட, தோல் கட்டு, கோழிக் கூட, நடுவுல நாலு மனுசங்க. ஏத்தம் வந்தா அப்படித் தெணறும். ஆம்பளைங்க எறங்கி, ஒதுங்கிட்டு வந்து, சாவகாசமா ஏறிக்குவாங்க.

அந்த ஸ்டேஷனுக்கு மாஸ்டரு எங்க வீட்டுக்காரரு. பவுல்சாமி மாஸ்டருன்னா தெரியாத ஆளில்ல. பச்சக் கொடி, செவப்புக் கொடி, டிக்கெட்டு, லாந்தரு, எல்லாம் அவரே. நான் மாஸ்டரம்மா. வண்டி வர்ற நேரத்துக்கு நல்ல சீலயாக் கட்டிக்கிட்டு வாசல்ல நிப்பேன். பாக்கத்தான் ஆளில்ல.

ஏன்னா பஸ்ஸு வந்துடுச்சு. கையக் காட்டின எடத்துல நிப்பாட்டுவான். ஊரே அதுல ஏறிக்கிச்சு. ஊரச் சொல்வானேன், ஓசி பாஸ் வச்சிருந்த நானே சந்தைக்குப் பஸ்ஸுலதான் போவேன். இவரு கொடியப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு, நான் மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பிக்குவேன். அந்தக் கண்டக்டரு அதயே சொல்லி ஆள் சேத்தான். "மாஸ்டரு பொஞ்சாதியே ஏறாத ரயிலு, வாங்க வாங்க"ன்னு. அப்புறம் ஒரு ரயில்வே தொரை வந்தாரு, காலிப் பெஞ்சுங்களப் பாத்தாரு, போயிட்டாரு...

என்னது, உங்க வீட்டு வாத்தியாரு எடம் புடிக்க முன்னாடியே போயிட்டாரா? டிக்கெட்டும் எடுத்தாச்சா?

சரி. சொல்லிடறேன்.

ஜங்ஷன்ல எதுத்த பிளாட்பாரத்துல கோணப்பாறை வண்டி நிக்கும், மிச்சத்துக்கு டிக்கெட்ட அங்கயே வாங்கிக்கலாம், கோயிலுக்கிட்டயே எறக்கி விடும்னு சொன்னேன்ல? எல்லாம் நெசந்தான். போன வருசம் வரைக்கும். இப்ப வண்டி இல்ல அக்கா. வண்டியென்ன, தண்டவாளமே இல்ல. சண்டைக்கு வேணும்னு பேத்து எடுத்துக் கப்பல்ல ஏத்திட்டாங்க. அதனாலதான இவர இங்க மாத்துனாங்க. பெட்ரோல் கெடைக்காம பஸ்ஸும் நின்னு போச்சு. பன்னெண்டு மைலு, மாட்டு வண்டிதான். அதுவும் தெரிஞ்ச மூஞ்சியா இருந்தாத்தான் கட்டுவான்.

அப்படிப் பாக்காதீங்க. நீங்க என்ன கேட்டீங்க? "எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போறாங்க, எங்களுக்கு அஞ்சாறு தலமொறையா சாந்தோம்தான் ஊரு, நாங்க எங்க போறது? உங்க ஊருக்கு ரயில் உண்டா?"ன்னு கேட்டீங்க. இந்தத் தெருவுக்கு வந்த நாள்லேருந்து கொழா எங்க, மாவு மிஷின் எங்கன்னு நான்தான் எல்லாரையும் கேட்டுக்கிட்டுத் திரியறேன். நான் பேசினா இந்தச் சனம் சிரிக்குது. மொத மொதலா ஒருத்தர் என்கிட்ட வழி கேக்கறாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல. உண்டுன்னுட்டேன். அதோட விட்டேனா? எந்தப் பக்கம் உக்காந்தா வெயில் படாதுன்னு வேற சொல்லி வச்சேன்.

திட்டுங்களேன் அக்கா. வண்டியில ஏறி உக்காந்தா எப்படி? அப்ப போறதுன்னே முடிவா? இங்க இருக்கறதுக்கு அதுவே மேலுன்றீங்க...

ஏன் நகர்றீங்க? ஆனிக்குத்தான் எடம் இருக்கே. இது யாருக்கு?

நானா?

நான் எப்படிக்கா... அடுப்புல ஒல கொதிக்குது. இவரு சாயங்காலம் பசியோட வருவாரு. அதுவுமில்லாம, "என்ன மாஸ்டரம்மா, பட்டணம் அதுக்குள்ள சலிச்சிடுச்சா"ன்னு ஊருல கேப்பாங்க. நான் சொன்னா மாட்டு வண்டி கட்டுவாங்க, இல்லன்னு சொல்லல...

கையக் கொஞ்சம் விடுங்க அக்கா. அடுப்ப அணைச்சிட்டு, மாத்துச் சீல ஒண்ண எடுத்துக்கிட்டு வந்துடறேன். சத்தியமா வர்றேன்.

நம்ப மாட்டீங்க. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்.

சரி, நவுருங்க, ஏறிக்கறேன்.